கிண்டிக் காட்டுக்கு ஒரு வகுப்பு: செலவுக் கணக்கு

1821-இல் கிண்டிக் காட்டை கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து மதராஸ் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-இல் காப்புக் காடாக அறிவித்தபோது அதன் பரப்பு 505 ஹெக்டேர், ஏறத்தாழ 1,248 ஏக்கர். வாங்கியதும் இதே பரப்புதான் என்று வைத்துக்கொண்டால் ஏக்கர் 28 ரூபாய். இன்று சர்தார் படேல் சாலையில் ஒரு சதுர அடியின் விலையைக் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அந்த விலை ஏற ஏறக் காடு சுருங்கியது. 1958-இல் ஐ.ஐ.டி.க்கு ஒரு பகுதி போயிற்று. 1961-க்கும் 1977-க்கும் இடையே சுமார் 172 ஹெக்டேர் பல்வேறு துறைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ராஜாஜி, காமராஜர் நினைவகங்கள் 1974, 1975-இல் எழுந்தன. 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியது 270.57 ஹெக்டேர். நூற்றுக்கு 46 பங்கு போய்விட்டது.

இந்த மீதியைச் சென்னைக்குப் பங்கு போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. காட்டின் பரப்பு 27 லட்சத்து 5 ஆயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர். தலைக்கு 0.58 சதுர மீட்டர் வருகிறது. விரித்த செய்தித்தாளைவிடக் கொஞ்சம் பெரிய இடம். அதிலும் சென்னைவாசி நினைத்த நேரத்தில் போய் நின்றுவிட முடியாது. சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் டிக்கெட் வாங்கிப் போகலாம். தேசியப் பூங்காவின் உட்பகுதிக்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அது சரியான ஏற்பாடு என்பதே என் எண்ணம். ஏன் என்பதற்குக் கீழே கணக்கு இருக்கிறது.

பள்ளிக்கூடங்களில் 'காட்டுக்குச் சுற்றுலா' என்றவுடன் முதுமலை என்பார்கள். முதுமலை தேசியப் பூங்கா 103.23 சதுர கிலோமீட்டர். கிண்டியைப் போல 38 மடங்கு. யானை உண்டு, புலி உண்டு. ஆனால் சென்னையிலிருந்து சாலை வழியாக 600 கிலோமீட்டர் போல. போக 12 மணி நேரம், வர 12 மணி நேரம். மூன்று நாள் பயணத்தின் 72 மணி நேரத்தில் 24 பேருந்திலேயே கழிந்துவிடும். தூக்கம், சாப்பாடு, வாந்தி எடுத்தவனுக்காக வண்டியை நிறுத்தியது எல்லாம் போக, காட்டுக்குள் வனத்துறை வண்டியில் உட்கார்ந்து போவது ஒரு மணி நேரம் அளவுக்குத்தான். புலிகள் காப்பகம் என்பதால் இறங்கி நடக்கவும் முடியாது. பிள்ளைகளின் கால் காட்டு மண்ணில் படுகிற நேரம் என்று ஒரு பத்தி போட்டால், அங்கே பூஜ்யம் எழுத வேண்டியிருக்கும். யானையைப் பார்த்த பரவசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது சுற்றுலா. பாடத்துக்கு நடக்க வேண்டும், குனிய வேண்டும், ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

கிண்டியில் என்ன இருக்கிறது? தாவர வகைகள் 350-க்கு மேல். பறவைகள் 130-க்கு மேல். வண்ணத்துப்பூச்சிகள் 60 வகை, சிலந்திகள் 60 வகை. பாலூட்டிகள் 14 வகை. நீரிலும் நிலத்திலும் வாழ்பவை 9 வகை. இந்த எண்களை எந்தப் பிள்ளையிடம் காட்டினாலும் அதன் கண் 14-இல் போய் நிற்கும். "புலி இருக்கா சார்?" என்ற கேள்வி வாசலிலேயே வந்துவிடும். புலி இல்லை, புள்ளிமான் நிறைய உண்டு, வெளிமான் உண்டு, கீரி உண்டு, நரியும் உண்டு, கண்ணில் படுவது அதிர்ஷ்டம். ஒரு பாலூட்டி வகைக்கு 25 தாவர வகை என்ற விகிதத்தை மதித்தால், ஒரு காலைப் பொழுதின் பெரும் பகுதி செடி, பூச்சி, சிலந்தி, கரையான் புற்று இவற்றுக்குத்தான் போக வேண்டும். இவை ஓடாது. நாற்பது பேர் இரைச்சல் போட்டாலும் விளாமரம் அங்கேயே நிற்கும்.

இது சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு. காட்டெலுமிச்சை, விளா, வேம்பு, சீத்தா, களா, சூரைமுள் என்று முள்ளும் தோல் போன்ற தடித்த இலையுமாகப் பின்னிக் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் படத்தில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது புதர் என்றே தோன்றும். ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் மழையில்லாமல் இருந்தும் இலை ஏன் பச்சையாகவே இருக்கிறது என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டலாம். வெளிமானுக்கு மரம் வேண்டாம், திறந்த புல்வெளிதான் வேண்டும் என்ற செய்தி இன்னொரு அரை மணிக்கு ஆகும். மரம் நட்டால் காடு வளரும் என்று அதுவரை கேட்டு வந்த பிள்ளை அங்கே கொஞ்சம் குழம்பும். குழம்பட்டும்.

இனி ஆள் கணக்கு. பேருந்தில் 48 பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். ஒற்றையடிப் பாதையில் ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் வரிசையின் நீளம் 48 மீட்டர். முன்னால் போகிறவர் உதட்டில் விரல் வைத்து நிற்கிறார், மான் நிற்கிறது. செய்தி வால்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் மான் போய்விட்டது. கடைசிப் பத்துப் பேர் பார்த்தது முன்னால் போனவனின் முதுகு. ஒரே வழிகாட்டி, நான்கு மணி நேரம் என்றால், 240 நிமிடத்தை 48 ஆல் வகுத்தால் தலைக்கு 5 நிமிடம். பன்னிரண்டு பேராகப் பிரித்து நான்கு வழிகாட்டிகளை வைத்தால் தலைக்கு 20 நிமிடம், வரிசை 12 மீட்டர். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. நான்கு சுவருக்குள் அது போதும். பாதையின் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற இடத்தில் ஒருவர் பார்வைக்குள் 12 பேர் அடங்கினாலே அதிகம். இந்த 12 என்ற எண்ணை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மீதி எண்களை வாசகர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

நான்கு மணி நேரத்தைப் பிரித்தால், 2 கிலோமீட்டர் நடக்க 60 நிமிடம். பன்னிரண்டு இடங்களில் பத்துப் பத்து நிமிடம் நின்றால் 120. உட்கார்ந்து எழுத, வரைய, சுண்டல் சாப்பிட 40. வாசலில் போகும்போதும் வரும்போதும் தலையை எண்ண 20. காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடியும். பள்ளிக்குத் திரும்பி மதியச் சத்துணவும் சாப்பிட்டுவிடலாம். உயர் தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் வைத்திருக்கிற கற்பித்தல் நேரம் ஆண்டுக்கு 1,000 மணி. அதில் 4 மணி என்பது நூற்றுக்கு 0.4. இதற்கு நேரமில்லை என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்வார்கள், ஏனென்றால் அந்த 4 மணிக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. எம்.சி.மேத்தா வழக்கில் 1991-இலும், பிறகு 2003 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. கல்வித்துறைகள் அதை நிறைவேற்றிய விதம் பெரும்பாலும் புத்தகத்தில் பாடம் சேர்ப்பதாக இருந்தது. புத்தகத்தில் சேர்ப்பது மலிவு.

நாள் கணக்குக்கு வருவோம். உயர் தொடக்க வகுப்புகளுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 220 வேலை நாள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளும் அவற்றுக்கான ஆயத்தமும் 30 நாளைக் கொண்டுபோகும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. அதில் பள்ளி நாள் 45 என்று வைத்தேன். தவளைகளைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை என்றாலும், மரம் சாயும் காட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையின் மரங்களை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் இதில் பேரம் பேசமாட்டார்கள். ஜூன் வெயிலுக்கும் ஏப்ரல் வெயிலுக்கும் 35 நாள். விளையாட்டு விழா, ஆண்டு விழா, உள்ளூர் விடுமுறை வகையில் 20. கையில் மிஞ்சுவது 90 காலைகள். பெரும்பகுதி ஜனவரி, பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

சென்னையில் ஒரே வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஆயிரம் பேருக்கு 14 என்று எடுத்தால் 65,000. ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஏழாம் வகுப்பில் என்று வைப்போம், ஒரு காலைப் பொழுது காட்டில் நடக்க வேண்டும் என்பதே இலக்கு. நான்கு வழிகாட்டிகள், ஆளுக்கு 12 பிள்ளைகள், 90 நாள்: ஆண்டுக்கு 4,320 பேர். ஓராண்டு வகுப்பை மட்டும் முடிக்கவே 15 ஆண்டு ஆகும். வரிசையின் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு முறை வரும்போது வயது 27, வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். அதே ஆண்டிலேயே முடிக்க வேண்டுமானால் 5,417 வழிகாட்டிக் காலைகள் தேவை. 90 ஆல் வகுத்தால் 60 வழிகாட்டிகள், நாளுக்கு 720 பிள்ளைகள்.

இந்த 720 பேரும் கிண்டிக்கே போனால் என்ன ஆகும்? பிள்ளையின் ஓர் அடி அரை மீட்டர். 2 கிலோமீட்டருக்கு 4,000 அடி. 65,000 பிள்ளைகளுக்கு 26 கோடி அடி. ஒரு மீட்டர் அகலப் பாதை ஒன்றே ஒன்று இருந்தால் அதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஆண்டுக்கு 1,30,000 மிதி வாங்கும். அது பாதையாக இருக்காது, சாலையாகிவிடும். மழை வந்தால் வாய்க்கால் ஆகும். உட்பகுதியைப் பூட்டி வைத்தது சரி என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். 270 ஹெக்டேருக்கு இவ்வளவு பாசம் தாங்காது.

நல்லவேளையாகச் சென்னைக்குக் கிண்டி ஒன்றுதான் என்றில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது, பரப்பு 1,247.5 ஹெக்டேர். நன்மங்கலம் காப்புக் காடு 320 ஹெக்டேர். அடையாறு முகத்துவாரத்தின் தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர்தான், ஆனால் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் கற்பிப்பதற்கென்றே நடத்தப்படுகிற இடம். வண்டலூர் 602 ஹெக்டேர். கூண்டுகளை விட்டுவிட்டு அங்கிருக்கிற புதர்க்காட்டை மட்டும் பார்த்தாலே ஒரு காலை போதாது. கிண்டியைச் சேர்த்து ஐந்து இடம். ஓரிடத்துக்கு 12 வழிகாட்டிகள், 144 பிள்ளைகள். ஓரிடத்தில் மூன்று பாதைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒரு சதுர மீட்டருக்கு விழுகிற மிதி 8,700 அளவுக்கு இறங்கும். கிண்டிக்குள் இதையும் பாதியாக்கி, சரிபாதிப் பிள்ளைகளைச் சிறுவர் பூங்காப் பக்கமே நிறுத்திக்கொள்ளலாம்.

பணம். இங்கே நான் போடுகிற விலைகள் எல்லாம் வைத்துக்கொண்ட விலைகள்தான். கூட்டிக் குறைத்துப் பார்க்க வசதியாக முழு எண்களாக வைத்திருக்கிறேன். பேருந்து ஒரு நடைக்கு 7,000 ரூபாய், 48 பேர் வீதம் 1,354 நடை, 94.78 லட்சம். வழிகாட்டிக்கு ஒரு காலைக்கு 800, 43.34 லட்சம். சுண்டல், வாழைப்பழம், மோர் தலைக்கு 40, 26 லட்சம். ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் 15 ரூபாய், 9.75 லட்சம். வழிகாட்டிகள் 60 பேருக்குப் பத்து நாள் பயிற்சி, அதே 800 வீதம், 4.80 லட்சம். கைப்பிடிப் பூதக்கண்ணாடி 720, ஒன்று 100 ரூபாய்; 72 ஆயிரம். காலணிக்குத் தனியாக எழுதவில்லை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே தருகிறது. சூரைமுள்ளுக்கு அது போதும். மொத்தம் 1 கோடியே 79 லட்சத்து 39 ஆயிரம். தலைக்கு 276 ரூபாய்.

இதில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53, பேருந்துக்குப் போகிறது. நுழைவுக் கட்டணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2015 முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் உடன் வரும் குடும்பத்துக்கும் தேசியப் பூங்காக்களில் நுழைவு இலவசம். 2019-இல் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். வாசல் திறந்துவிட்டது, வாசல் வரை கொண்டுபோய் விட யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதனால்தான் அங்கே தேசியப் பூங்கா அறக்கட்டளை பள்ளிகளுக்கு வண்டிச் செலவுக்கென்றே பணம் தருகிறது. நம் பக்கத்திலேயே கேரள வனத்துறை மாணவர்களுக்கு மூன்று நாள் இயற்கை முகாம்களை இலவசமாக நடத்தி வருகிறது. தமிழ்நாட்டில் இன்னொரு வசதி உண்டு: பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம். பேருந்துச் செலவை அரசுப் போக்குவரத்துக் கழகமே ஏற்றால், தலைக்கு 276 என்பது 130 ஆகிவிடும். அந்த வண்டிகள் காலை ஆறு மணிக்கு ஓடாமல் நிற்பவை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவசர நேரத்தில் 48 பிள்ளைகளை மாநகரப் பேருந்தில் ஏற்றச் சொல்கிறவன் பிள்ளைகளை அறியாதவன். சிறப்பு நடையாக விட்டால்தான் நடக்கும்.

276 ரூபாய் பெரிய தொகையா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது 1,545 பள்ளிகளின் 1,14,095 பிள்ளைகளுக்கு 33.56 கோடி ஒதுக்கினார்கள். தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,940. காட்டுக் காலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் பள்ளி வாழ்க்கையில் ஒரே முறை. உணவுக்கு எதிராக இதை நிறுத்தவில்லை. அரசு மனம் வைத்தால் எந்த அளவுத் தொகையைத் தூக்கும் என்று காட்டவே இந்த ஒப்பீடு.

இன்னும் வேடிக்கை, பணத்துக்கு ஏற்கனவே தலைப்பு இருக்கிறது. 2001-02-இல் தேசியப் பசுமைப் படை தொடங்கியபோது பள்ளிச் சூழல் மன்றத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அது 2,500 ஆகி, பிறகு 5,000 ஆயிற்று. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இளையோர், சூழல் மன்றங்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு 5,000, உயர் தொடக்கப் பள்ளிக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை தரலாம். ஒரு பேருந்துப் பிள்ளைகள் 48 பேருக்கு என் கணக்கில் ஆகும் செலவு 13,248. உயர் தொடக்கப் பள்ளியின் 15,000-க்குள் அடங்கி, 1,752 ரூபாய் மிச்சமும் இருக்கிறது. அந்த நிதி வந்தால்தான் என்பது வேறு சங்கதி. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி டெல்லியில் நின்றுபோய் வழக்கு வரை போயிற்று. வந்த ஆண்டுகளில் அந்த 15,000 எங்கே போகிறது? மரக்கன்று, பதாகை, உலகச் சுற்றுச்சூழல் நாள் பேச்சுப் போட்டிக்குச் சான்றிதழ். ஜூன் 5-ஆம் தேதி வெயிலில் நட்ட கன்றுக்கு ஜூலையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

பெற்றோர் கையெழுத்து வாங்கப் போனால் அம்மாக்கள் முதலில் கேட்பது பாம்பைப் பற்றி. இரண்டாவது கேள்வி கழிப்பறை. பெண்பிள்ளைகள் வருவதும் வராததும் இரண்டாவதில்தான் முடிவாகிறது. பள்ளிகளுக்கான விதி 40 பேருக்கு ஒன்று. ஓரிடத்தில் 144 பேரில் பாதி பெண்பிள்ளைகள் என்றால் 72. குறைந்தது இரண்டு கழிப்பறை, தண்ணீரோடு, பாதையின் நடுவழியில் ஒன்றாவது. இதை மேலே உள்ள மொத்தத்தில் நான் சேர்க்கவில்லை. கட்டினால் பல ஆண்டு நிற்கிற செலவை ஒரே ஆண்டின் தலையில் ஏற்றுவது சரியில்லை. பாம்பைப் பொறுத்தவரை, முன்னால் போகிறவர் யார் என்பதில்தான் விடை இருக்கிறது.

அப்படியானால் அந்த 60 பேர் யார்? பணத்தில் கால் பங்குதான் அவர்களுக்கு; தட்டுப்பாடோ முழுக்க அவர்களிடத்தில்தான். விலங்கியல், தாவரவியல் படித்த கல்லூரி மாணவர்கள் பாதிப் பேர் கிடைக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் வருவார்கள், பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். தடத்தைப் பார்த்து எது, எப்போது, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்கிற கண் அவர்களுக்கு உண்டு. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் விஷமுறிவு மருந்து செய்கிறவர்களுக்குப் பாம்பு விஷம் தந்து வருகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது இந்த அறிவுக்குத்தான். சங்கத்தை உருவாக்கியதில் முன்னின்ற ரோமுலஸ் விட்டேக்கர்தான் கிண்டியில் பாம்புப் பண்ணையையும் அமைத்தவர். இருளர்களுக்குக் கிண்டி அந்நியமான இடமல்ல. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் இருளர் பெண் நடந்தால், பாம்பு இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கு முன்பே அவர் பார்த்துவிடுவார். அம்மாக்களின் முதல் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு 800 ரூபாய் கொடுக்கும்போதுதான் கணக்கு மறுபடி சிக்கும். பேருந்துக்கு ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வரும், தணிக்கைக்கு அது போதும். நோட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் ரசீது வாங்கிவிடலாம். காட்டில் நடந்து காட்டியவருக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தலைமையாசிரியர் யோசிப்பார். கருத்தாளர் மதிப்பூதியம் என்று எழுதலாம். அதற்குப் பட்டச் சான்றிதழ் நகலை இணைக்கச் சொல்லிக் கேட்பார்கள். இல்லையென்றால் 'இதர செலவு'. அந்தத் தலைப்பில் ஒரு நாளில் நான்கு பேருக்கு 3,200 ரூபாய் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே 60 வழிகாட்டிகளைத் தேடுமுன் கல்வித்துறையும் வனத்துறையும் சேர்ந்து ஓர் அரசாணையில் இரண்டு வரி எழுத வேண்டும்: வழிகாட்டியின் தகுதியை வனச்சரகர் சான்றளிப்பார், ஊதியத்தைச் சூழல் மன்ற நிதியிலிருந்து நேரடியாக அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். இந்த இரண்டு வரிக்கு ஆகும் செலவு ஒரு தாள்.